ஆணி அடிக்காத குசினி

இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், கட்டிக்கொண்டு வந்த பெட்டி ஒன்றுகூட இன்னும் பிரிக்கவில்லை, அம்மா குசினி வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கேத்தல் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தேடப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். எட்டடிக்கு ஆறடிக் குசினி. வெள்ளைச் சுவர், இடுப்புயரத்திலிருந்து தலையுயரம் வரை வெள்ளை டைல், சாம்பல் நிறக் கல் மேடை, கூரையில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தருகிற ஒரு பல்ப். யன்னல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பக்கத்துக் கட்டடத்துக்கும் எங்களுடையதற்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பார்த்தபடி இருப்பதால் வெயில் நேரே விழாது, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் வரும், அதுவும் பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் மங்கிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் நான் பார்த்த மாடி வீடுகள் அநேகமானவற்றில் குசினிக்குக் கிடைத்திருப்பது இப்படியான யன்னல்தான். கடல் ஐம்பது யார் (கெஜம்) தூரத்தில் இருக்கும், வரவேற்பறைக்குக் காற்று வரும், குசினிக்கு இடுக்கு.

வீட்டுக்கார அன்ரி கீழ் மாடியில் இருக்கிறார். சாவியைத் தரும்போது இரண்டே விஷயம் சொன்னார். "சுவரில ஆணி மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ. பெயின்ட்டும் மாத்த வேண்டாம், பிள்ளை." நான் தலையாட்டினேன். பதினொரு வருடத்தில் இது எங்களுக்கு ஐந்தாவது வாடகை வீடு, ஐந்து வீட்டிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

முதல் மூன்று வீட்டிலும் குசினியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எப்படியும் போகப்போகிற வீடுதானே, சொந்த வீடு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் நான் நிற்கிற இடம் அது. காலையில் இடியப்பம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு, இரவில் புட்டு. அத்தனை வருடமும் அந்த நாலு மணித்தியாலத்தையும் வேறு யாரோவின் இடத்தில் நிற்கிற மாதிரியே நின்று கழித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

நாலாவது வீட்டில் உறைத்தது, ஆனால் தப்பான வழியில் போனேன். புறக்கோட்டையில் ஒரு கடையில் ஒட்டுகிற சுவர்த்தாள் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தார்கள், மஞ்சள் பின்னணியில் பச்சை இலை போட்டது, பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கழற்றினால் ஒரு அடையாளமும் இராது என்றார்கள். குசினிச் சுவர் ஒன்று முழுக்க நானும் என் கணவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டு ஒட்டினோம். ஒரு வருடம் வடிவாகத்தான் இருந்தது. வீட்டை விடும்போது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன், தாளோடு சேர்ந்து பெயின்ட்டும் அதற்கடியிலிருந்த வெள்ளைப் பூச்சும் உள்ளங்கை அகலத் துண்டுகளாக வந்தது. சுவர் முழுக்கத் திரும்பப் பூச வேண்டியிருந்தது, வைப்புப் பணத்தில் 25,000 ரூபாய் குறைத்துத்தான் திருப்பித் தந்தார்கள்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் விளங்கிக்கொண்டேன். ஒட்டுகிற சாமான் கழன்று வருமா என்பது அதன் பசையைவிட அது ஒட்டப்படுகிற முகத்தில்தான் தங்கியிருக்கிறது. பளபளப்பான டைலில் நுண்துளை கிடையாது, பசை மேலேயே நிற்கும். சாதாரண இமல்ஷன் சுவர் அப்படி இல்லை, பசை பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அந்த பெயின்ட் சுவரை எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பது வேறு கதை. கொழும்பு மாதிரி வருடம் முழுக்க ஈரக்காற்று அடிக்கிற ஊரில், அதிலும் கடற்கரைப் பக்கம், சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், பெயின்ட்டின் பிடி லேசானதாகத்தான் இருக்கும். ஆகவே சுவரில் ஒட்டாதீர்கள். டைலில் ஒட்டலாம், அதுவும் முதலில் ஒரு மூலையில் இரண்டு அங்குலத் துண்டை ஒட்டி இரண்டு கிழமை விட்டுப் பார்த்துவிட்டு. கழற்றும்போது தலைமுடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி மெதுவாக உரித்தால் வரும். மிஞ்சுகிற பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கால் மணித்தியாலம் விட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பால் துடைத்தால் போய்விடும். அடுப்புக்குப் பின்பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த ஸ்டிக்கர்களில் பெரும்பாலானவை பிவிசி, அது 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும், பெரிய சட்டியில் இறைச்சிக் கறி கொதிக்கும்போது நெருப்பு சட்டியின் விளிம்பைத் தாண்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, இந்த வீட்டுக்கு வருவோம்.

இந்த முறை ஒன்றுமே வாங்காமல் இரண்டு கிழமை சும்மா இருந்தேன். சமைத்துக்கொண்டே எது அன்ரியுடையது, எது என்னுடையது என்று பார்த்தேன். சுவர், டைல், கல் மேடை, யன்னல், கதவு அவருடையது. குளிர்சாதனப் பெட்டி என்னுடையது. போத்தல், பேணி, சட்டி, முக்காலி, தும்புத்தடி, துவாய், சாமான் ராக்கை எல்லாம் என்னுடையவை. எண்ணிப் பார்த்தால் குசினியில் கண்ணுக்குத் தெரிகிற பரப்பில் கிட்டத்தட்டப் பாதி நான் கொண்டுவந்தது, அந்தப் பாதிக்கு நான் என்ன நிறமும் அடிக்கலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை, போகும்போது எல்லாம் என்னோடு வரும். இது மிகச் சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். எனக்கு இதைக் கண்டுபிடிக்கப் பதினொரு வருடம் எடுத்தது.

அந்த வெள்ளைக்குள் ஏற்கெனவே ஒரு நிறம் இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். காஸ் சிலிண்டர். 12.5 கிலோ, நல்ல அடர்ந்த நீலம். மேடைக்கு அடியில் இடது பக்கத்தில் நிற்கிறது, அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே எழும்பாமல் நிலத்தோடு தேங்கி நிற்கும், சுற்றிவரத் துணியால் மூடி வைத்தால் அங்கேயே சேரும். எனவே அந்த நீலம் கண்ணில் படத்தான் போகிறது. அப்படியென்றால் அந்த நீலத்திலிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்தேன்.

மேடைக்கு அடியில் நடுவில் ஒரு குட்டிச் சுவர் இருக்கிறது. இடது பக்கம் சிலிண்டர், வலது பக்கம் ஐந்தரை அடி அகலத்தில் திறந்த இடம், அரிசி வாளி, வெங்காயக் கூடை, பெரிய சட்டிகள் எல்லாம் கண்ணில் குத்திக்கொண்டு கிடக்கும். அதற்குத் திரை போட, ஆண்கள் உடுக்கிற மருதமுனைச் சாரம் இரண்டு வாங்கினேன். கிழக்கில் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற ஊர் மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்போனது, அங்கத்தைச் சாரம் தோய்க்கத் தோய்க்க மெதுமையாகுமே தவிர இலேசில் கிழியாது. நான் எடுத்தது நீலமும் செம்மஞ்சளும் கட்டம் போட்டது. கடையில் சிலிண்டர் நீலத்தை ஞாபகத்தில் வைத்து எடுக்க முடியாது என்பதால் போனில் படமும் எடுக்காமல் (போன் நிறத்தை மாற்றிக் காட்டும்) எங்கள் வீட்டு நீல பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் சிலிண்டரோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

சாரத்தின் தையலைப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டு யார், அதாவது ஆறடிக்குக் கிட்ட வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துத் தைத்தால் பன்னிரண்டு அடி. ஐந்தரை அடி இடத்துக்கு அது சுருக்கம் சுருக்கமாக நிறைவாக விழுந்தது. உயரம்தான் அதிகம், ஒரு அடிக்கு மேல் மிஞ்சியது. அம்மா கத்தரிக்கோலைத் தரவில்லை. "வெட்டாதை. அடுத்த வீட்டில மேடை உயரமா இருந்தால் என்ன செய்வாய்?" மிச்சத்தை அடியில் உள்ளே மடித்து, நூல் தையலாக, பிரிக்கிற மாதிரிக் கையால் தைத்துத் தந்தார். அந்தப் பாரத்தால் திரை அலையாமல் நேராகவும் நிற்கிறது.

கொழுவினது இரண்டு பக்கச் சுவரையும் முட்டிக்கொண்டு நிற்கிற ஸ்பிரிங் கம்பியில். ஆணி இல்லை, துளை இல்லை. ஒன்று மட்டும்: அந்தக் கம்பி நுனியில் இருக்கிற ரப்பர் மாதக்கணக்கில் வெள்ளைப் பெயின்ட்டோடு அழுந்திக் கிடந்தால் கறுத்த வட்டம் விழும், அதனால் இடையில் மடித்த பழஞ்சீலைத் துண்டு வைத்திருக்கிறேன். புதுக் கைத்தறி முதல் இரண்டு மூன்று தோய்ச்சலுக்குச் சாயம் விடும், தனியாகத் தோய்க்க வேண்டும். திரையில் மஞ்சள் தெறித்துவிட்டால் பயப்படாதீர்கள். சோப் பட்டவுடனே மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறும், அது மஞ்சளின் குணம், அலசிவிட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டால் தானாகவே வெளிறிப் போகும். மஞ்சளின் நிறச்சத்துக்கு வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை.

எல்லாவற்றையும்விட மலிவாகச் செய்தது பல்ப். இதை முதலே எழுதியிருக்க வேண்டும். திரையைக் கொழுவிய அன்று பின்னேரம் வடிவாக இருந்தது, இரவு பல்பைப் போட்டதும் செம்மஞ்சள் மண்ணிறமாகத் தெரிந்தது, தக்காளிகூட வாடினது மாதிரி. பழைய பல்பைக் கழற்றிப் பார்த்தால் 6500 கெல்வின் என்று எழுதியிருந்தது. எண் கூடக் கூட வெளிச்சம் நீலப் பக்கம் போகும், குறையக் குறைய மஞ்சள் பக்கம் வரும். 3000 கெல்வின் 9 வாட் பல்ப் ஒன்று வாங்கிப் போட்டேன், அதே பின் ஹோல்டர்தான். போட்டவுடனே என் மகள் வரவேற்பறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள், "அம்மா, ஏதும் பெயின்ட் அடிச்சனீங்களா?" என்று கேட்டாள். நிறம் வாங்கப் போகுமுன் பல்பை மாற்றுங்கள், இல்லையென்றால் காசு வீண். அன்ரியின் பழைய பல்ப் பெட்டியோடு அலுமாரி மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது, போகும்போது திரும்ப ஏற வேண்டும்.

மர ராக்கையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பேப்பர் விரித்துத் தேய்த்து, இரண்டு தரம் எனாமல் பெயின்ட் அடித்தோம், மாம்பழ மஞ்சள். காயவே நாலு நாள் எடுத்தது, ஒக்டோபர் மாதத்தில் பின்னேர மழைக்கு நடுவில் பெயின்ட் வேலை வைக்கக் கூடாது.

அதில் வைத்த கண்ணாடிப் போத்தல்களில்தான் நான் அதிகம் மினக்கெட்டேன். மைசூர்ப் பருப்பு, பயறு, உளுந்து, சிவப்புப் பச்சை அரிசி, கடலை, குரக்கன் மா. ஒரே அளவு போத்தலில் பக்கத்தில் பக்கமாக நின்றால் அதைவிட வடிவான ஓவியம் நான் கண்டதில்லை. குரக்கன் மாவைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் மண்ணிறம், கிட்டப் போனால் ஊதா, போத்தலைச் சரித்தால் கண்ணாடியில் ஒட்டி நிற்கிற மெல்லிய தூளில் ரோஸ் கலந்த சாம்பல் தெரியும். மைசூர்ப் பருப்பு வெந்தால் வெளிறி மஞ்சளாகிவிடுவதால் அந்த நிறத்தைப் பார்ப்பதற்குப் போத்தல் ஒன்றுதான் இடம். முதலில் மிளகாய்த் தூளையும் இதே வரிசையில் வைத்தேன். யாழ்ப்பாணத்தில் இடிப்பித்து வந்த தூள், நல்ல சிவப்பு. மூன்று மாதத்தில் முன்பக்கம் செங்கல் நிறமாகிப் போனது, பின்பக்கம் இன்னும் சிவப்பு, வாசமும் குறைந்துவிட்டது. வெளிச்சம் தூள்களைக் கெடுக்கும். இப்போது தூள் எல்லாம் மூடிய பேணிக்குள், தானியம் மட்டும் கண்ணாடியில்.

எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைக் கற்றுக்கொண்டது காலி வீதியிலிருக்கிற பேர்ஃபூட் கடையில். பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கியது, கைத்தறித் துணியில் அவர் பக்கத்தில் பக்கமாக வைத்த நிறங்கள், செம்மஞ்சளோடு ரோஸ், பச்சையோடு ஊதா, வேறு யாரும் துணிந்து வைக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறவை, தறியில் வந்தவுடன் பொருந்திவிடுகின்றன. அங்கே விலை என் கைக்கு மேல். ஆனாலும் அரை மணித்தியாலம் தட்டுத் தட்டாகப் பார்த்துவிட்டு, சட்டி துடைக்கிற துவாய் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன், இதுவரை நாலு சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று யன்னல் கிறில். கொழும்பில் கிறில் இல்லாத யன்னலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், கள்ளனுக்காகப் போட்டது, ஆனால் ஆணி அடிக்க விடாத வீட்டில் அதைவிட நல்ல கொழுவி கிடைக்காது. எஸ் வடிவக் கொக்கிகளை மாட்டி அகப்பை, கரண்டி, கூடை எல்லாம் தொங்கவிட்டேன். முதலில் வாங்கின இரும்புக் கொக்கி மூன்று கிழமையில் துருப்பிடித்தது. அந்தத் துரு வடிந்து அடியிலுள்ள சீமெந்து விளிம்பில் கறை போட்டால் அதுவும் ஒரு நிரந்தர மாற்றம்தான், எலுமிச்சம்புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன். கடற்கரைப் பக்கம் இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கிதான் வாங்க வேண்டும்.

அந்தக் கிறிலில் தொங்குவது பெரும்பாலும் பனையோலைச் சாமான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சின்னச் சுளகு, வெங்காயம் போடுகிற பெட்டி. பம்பலப்பிட்டியில் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் சிலது, ஊருக்குப் போகும்போது சந்தையில் சிலது. குருத்தோலையை வார்ந்து, கொதிக்கிற சாயத்தில் போட்டெடுத்துக் காயவைத்து இழைப்பார்கள், கத்தரிப்பூ நிறம், பச்சை, சிவப்பு, நடுவில் சாயம் போடாத ஓலையின் வெண்மஞ்சள். ஓலைக்கு ஈரம்தான் பகை, மழைக் காலத்தில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், கிழமைக்கு ஒரு தரம் மேலே கொண்டுபோய் வெயில் காட்டுகிறேன்.

இதையெல்லாம் தொங்கவிட்ட அன்றுதான் அம்மா தன் அலுமாரி லாச்சியிலிருந்து ஒரு பனையோலைக் கொட்டப்பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும், அம்மம்மா வெற்றிலைக் காசு வைத்திருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்து நடந்தபோது அம்மாவின் மடியில் வந்தது. அங்கே விட்டுவந்த வீட்டின் சுவர் என்ன நிறம் என்று அம்மாவுக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை, பச்சை என்பார், பிறகு இல்லை நீலம் என்பார். குசினி நிலம் மட்டும் சிவப்புச் சீமெந்து என்று அடித்துச் சொல்வார். கொட்டப்பெட்டி வெளியே வைக்கோல் நிறமாகிவிட்டது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூடிக்குள் மறைந்திருந்த விளிம்பில், ஓர் அங்குல அகலத்துக்கு, நேற்றுச் சாயம் போட்டது மாதிரி அதே கத்தரிப்பூ நிறம். அம்மாவிடம் காட்டினேன். விரலால் அந்த விளிம்பை ஒரு தரம் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். அது இப்போது ராக்கையின் மேல்தட்டில், வெளிச்சம் படாத பக்கம் இருக்கிறது.

பச்சைக்காக ரம்பை ஒரு சாடியில் வைத்திருக்கிறேன், நிழலைத் தாங்கும், சோற்றுக்கும் கறிக்கும் கிள்ளலாம். கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும், அதை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டேன். போத்தல் தண்ணீரில் மணிபிளான்ட் வளர்க்கிறதை மட்டும் நான் செய்யவில்லை. 2017இல் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், பரிசோதகர்கள் சாடிக்கு அடியில் இருக்கிற தட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீரைக் கிழமைக்கு ஒரு தரம் மாற்றிப் போத்தலையும் தேய்த்துக் கழுவ முடிந்தவர்கள் வையுங்கள்.

டைலில் கடைசியாக ஒரே ஒரு வரிசை ஒட்டினேன், அடுப்புக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர்ப் பேசினுக்கு மேலே, ஒன்பது டைல், வெற்று நீல ஸ்டிக்கர். முழுவதும் ஒட்டலாம் என்று மகள் கேட்டாள். ஒன்பது போதும் என்று எனக்குத் தோன்றியது, வெள்ளையும் கொஞ்சம் இருந்தால்தான் மற்ற நிறம் தெரியும்.

பொங்கலுக்கு முதல் கிழமை வீடு துப்புரவாக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினோம். திரை தோய்க்கப் போனது, ராக்கையை இழுத்து வெளியே வைத்தோம், கிறில் வெறுமையானது, போத்தல்கள் வரவேற்பறையில் நிலத்தில். நாற்பது நிமிடம் எடுத்தது. சுவரில் ஒரு கீறல் கிடையாது, பல்பையும் அந்த ஒன்பது நீல டைலையும் விட்டால் சாவி வாங்கிய அன்று இருந்த அதே குசினி. அந்த நேரம் பார்த்து வாடகைப் பற்றுச்சீட்டோடு மேலே வந்த அன்ரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, வீட்டை விடப்போறீங்களோ?" என்று பதறிப் போனார். இல்லை அன்ரி, கழுவத்தான் என்றேன். அவருக்குப் பின்னால் அம்மா ஈரத் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காயாட்டிலும் பரவாயில்லை. கெதியாக் கொழுவு."